கேட்டலும் கீழ்ப்படிதலும்

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் பற்றி நம் வட்டத்தில் பேச்சு எழும்போதெல்லாம் அது இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. வீரமாமுனிவர் அகராதி செய்தார் என்பது ஒன்று. மற்றதெல்லாம் பிரசாரம் என்பது இன்னொன்று. ஆரணிக்கு வந்திருந்த நண்பர் ஒருவர் – கவிஞர், தேர்ந்த வாசகர் – இதையே சற்று நயமாகச் சொன்னார். "விசுவாசத்தில் தொடங்கி விசுவாசத்தில் முடிகிற எழுத்தில் விமர்சகனுக்கு என்ன ஜோலி? ஒப்புக்கொள்கிறவன் உட்கார்ந்திருப்பான். மற்றவன் எழுந்து போய்விடுவான்." அவரை பஸ் ஏற்றிவிட்டு சேவூருக்குத் திரும்பும் வழியில்தான் எனக்குப் பதில் தோன்றியது. என் பதில்கள் எல்லாமே பஸ் போன பிறகு வருபவை.

அந்த ஒப்புக்கொள்ளல்தான் அங்கே மிகவும் சந்தேகத்துக்குரிய பொருள் என்பது என் பதில். கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வி சுவிசேஷங்களில் எங்கும் எழுவதில்லை. உண்டு என்று வாயால் சொல்கிறவன் யார், அவன் வீட்டில் என்ன செய்கிறான் என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. தன் பெயரைச் சொல்லி அழைப்பவர்களிலேயே பலரைத் தனக்குத் தெரியாது என்று சொல்லப்போவதாக இயேசு எச்சரிக்கிறார். மத்தேயு 21-ம் அதிகாரத்தில் ஒரு தகப்பனுக்கு இரண்டு மகன்கள். திராட்சைத் தோட்டத்துக்குப் போய் வேலை செய் என்று சொன்னதும் ஒருவன் மாட்டேன் என்கிறான், பிறகு மனம் மாறிப் போகிறான். இன்னொருவன் போகிறேன் ஐயா என்கிறான், போகவில்லை. சொல்லுக்கும் செயலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இத்தனை கவனம் வைத்த ஒரு சமயத்தின் இலக்கியத்தில் விமர்சகனுக்கு ஜோலி இல்லை என்பது எப்படி?

இதை எழுத எனக்குள்ள தகுதியையும் சொல்லிவிடுகிறேன். நான் பெயர்க் கிறிஸ்தவன். சபையில் என் போன்றவர்களுக்குப் புழங்கும் பெயரே அதுதான். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனுக்கு ஆரணியிலும் ஒரு நிலையம் இருந்தது. அந்தக் கிராமச் சபைகள் பெரும்பாலும் எந்தத் தெருக்களில் எழுந்தன என்பது விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் குடும்பம் அந்தத் தெருக்களில் ஒன்றிலிருந்து, தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு சபைக்கு வந்தது என்று கேள்வி. வருஷத்தில் இரண்டு தரம் கோயிலுக்குப் போகிறேன். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் சேவூரில் என் வாடகை அறையில் படிக்கிறேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மதியம் சாப்பாட்டுக்குத்தான் நிற்கும். என் வாசிப்பின் தாளம் அதுவாகவே ஆகிவிட்டது.

*

பி.ஏ. ஆங்கிலத்தில் பன்யன் எங்களுக்கு நான்கு மார்க் சமாச்சாரம். 'பனியன்' என்று சிரித்துவிட்டு, 1678, பெட்ஃபோர்டு, சிறை, உருவகம் என்று நான்கு சொற்களை மனப்பாடம் செய்தோம். பாத்திரங்களுக்கு ஈயம் பூசி ஓட்டை அடைக்கிற தொழில் செய்த ஒருவன், அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தான் என்பதற்காக 1660-லிருந்து 1672 வரை சிறையில் கிடந்தான் என்பது அப்போது மனதில் உறைக்கவில்லை. இனிப் பிரசங்கம் செய்யமாட்டேன் என்று சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். அரசனுக்கும் அரசனின் திருச்சபைக்கும் கீழ்ப்படியாமல் இருந்ததே அவனுடைய கீழ்ப்படிதலாக இருந்தது. இந்த முரணை வைத்துக்கொண்டுதான் மேலே போகவேண்டும்.

அவனுடைய 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' புத்தகத்தில் வழியில் சேர்ந்துகொள்கிற ஒருவன் வருகிறான். பேச்சுக்காரன் என்று வைத்துக்கொள்வோம். மறுபிறப்பு, கிருபை, வேதத்தின் இரகசியங்கள் – எதைப் பற்றியும் பேசத் தயார். முதலில் உடன்வந்த விசுவாசியே மயங்கிவிடுகிறான். கதாநாயகன் கிறிஸ்தியானுக்கு மட்டும் அந்த ஆளைத் தெரியும், ஒரே ஊர்க்காரன். சாராயக் கடை பெஞ்சிலும் இதே பேச்சுதான் பேசுவான், அவன் வீட்டில் ஜெபமும் இல்லை மனந்திரும்புதலும் இல்லை, வேலைக்காரர்களுக்கு அவனோடு காலந்தள்ள முடியாது என்கிறான். பிறகு விசுவாசி கேள்வி கேட்கிறான். நீ பேசுகிற விஷயம் உன் அனுபவத்தில் உண்டா, உன் நடத்தை அதற்குச் சாட்சி சொல்லுமா? பேச்சுக்காரன் முகம் சிவந்து, நீங்கள் சிடுசிடுப்பான ஆள், உங்களோடு பேச முடியாது என்று விலகிப்போகிறான். எந்த நரகமும் அவனுக்காகத் திறப்பதில்லை. உரையாடல் அறுந்துபோவதுதான் அவனுக்குக் கிடைக்கிற தண்டனை. பேச்சிலேயே வாழ்கிறவனுக்கு இதைவிடக் கடுமையான தண்டனையை நான் வேறெந்த நாவலிலும் கண்டதில்லை.

இந்தப் புத்தகம் தமிழுக்கு வந்த விதம் நம் விமர்சகர்கள் கவனித்திருக்கவேண்டிய விஷயம். ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளை – 1827-ல் நெல்லைப் பக்கத்துக் கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர், 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர் – 1894-ல் இதை 'இரட்சணிய யாத்திரிகம்' ஆக்கினார். மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட விருத்தங்கள், ஐந்து பருவங்கள். பன்யன் தனியாகச் சொல்லாத இயேசுவின் பாடுகளும் விரிவாக உண்டு. அந்தப் பகுதியை மனம் ஒன்றிப் படிக்கிற எவரும் அது வெறும் யாப்புப் பயிற்சி என்று சொல்லமாட்டார்கள். மதம் மாறியதற்காக உறவை இழந்த ஒருவரின் தழுதழுப்பு அதில் இருக்கிறது. அவருடைய விசுவாசத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் மொழியைப் பற்றி. பன்யனின் ஆட்கள் சந்தையில் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள். அதனால்தான் பேச்சுக்காரனின் பேச்சு எங்கே உண்மையான பேச்சிலிருந்து நழுவுகிறது என்பது காதில் விழுகிறது. கிருஷ்ண பிள்ளையில் எல்லோருமே கம்பன் நடையில் பேசுகிறார்கள். பக்தனும் போலியும் ஒரே விருத்தத்தில், ஒரே எதுகை மோனையில் வருகிறார்கள். போலிப் பேச்சு எது என்று செவியால் பிரித்தறிய வழியில்லை. கவி சொன்னால்தான் தெரியும். 'கிறிஸ்தவக் கம்பர்' என்று அவரைப் புகழ்கிறவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. அவர் காலத்தின் கற்ற சமூகம் மதித்த ஒரே நடை அது. வேறு நடையில் எழுதியிருந்தால் பாளையங்கோட்டைப் பண்டிதர்கள் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். இருந்தாலும் ஒரு தகரவேலைக்காரனின் புத்தகம் தமிழில் வித்வானின் புத்தகமாக மாறிவிட்டது. பேச்சுக்காரனை அவன் வீட்டு வேலைக்காரர்களை வைத்து அளக்கவேண்டும் என்ற பன்யனின் அளவுகோல் இந்த மாற்றத்தில் மங்கிப்போயிற்று. தமிழ்நாட்டில் அந்த வேலைக்காரர்கள் எந்தச் சாதி என்று கேட்கவேண்டி வந்திருக்கும்.

*

அந்தக் கேள்வியை வேறு ஒருவர் அதற்கு அறுபது வருஷங்களுக்கு முன்பே எதிர்கொண்டு, தவறான விடை எழுதியிருந்தார். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜியின் சபையில் பாடியவர், 'பெத்லகேம் குறவஞ்சி' செய்தவர். தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளில் இன்றும் வாய் திறந்தால் பாதிப் பாட்டு அவருடையது, அவர் வழி வந்தது. 1820-களில் வந்த இளம் மிஷனரிகள்மேல் அவருக்கு நான்கு புகார்கள். வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். கலியாணத்திலும் பண்டிகையிலும் பூ வைக்கக்கூடாது என்கிறார்கள். கோயிலில் தமிழ்ச் சங்கீதம் கூடாது என்கிறார்கள். பறையரோடு எல்லாச் சாதியையும் ஒன்றாக உட்காரவைக்கிறார்கள்.

இந்த நான்கும் அவருக்கு ஒரே தரத்துக் கொடுமைகள். ஒரே மூச்சில் எழுதுகிறார். பூவையும் பாட்டையும் பற்றி அவர் சொன்னது சரி; அவை இல்லாத வறட்டுச் சபையில் நான் இரண்டு தரம்கூடப் போயிருக்கமாட்டேன். ஆனால் அதே பேனாதான் நான்காவதையும் எழுதியது. சாதி உலக வழக்கு, உடுப்பைப் போல. விசுவாசத்துக்கு அதனால் குறையில்லை என்பது அவர் கட்சி. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதியை உடனே, முற்றாக விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்களில் பலர் திருவிருந்துக்கு வராமல் வெளியேறினார்கள். பின்னால் சாதி விஷயத்தில் நிதானம் காட்டிய லைப்சிக் லுத்தரன் மிஷனில் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

ஆத்மார்த்தமான பக்தி உள்ளவர்கள் இவர்கள். பொய் வேஷக்காரர்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. சாஸ்திரியாரின் பாட்டில் கண்ணீர் உண்மை. அந்தக் கண்ணீரோடேயே அவரால் பக்கத்து மனிதனின் கிண்ணத்தில் வாய் வைக்க முடியவில்லை. உண்மை விசுவாசம் ஒருபுறம், வெற்று அறிக்கை மறுபுறம் என்று ஆட்களைப் பிரித்து நிறுத்துகிற பிரசங்க முறை இங்கே பயன்படாது. கோடு ஆளுக்குள்ளேயே ஓடுகிறது. வடக்கன்குளத்தில் அதைக் கல்லிலேயே கட்டிவிட்டார்கள். 1872-ல் எழுந்த கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு கிளைகள். பீடம் இரு பக்கத்தாருக்கும் தெரியும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஊரில் அதற்குக் கால்சட்டைக் கோயில் என்று பெயர். தடுப்பை 1910-ல் இடித்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. ஆ. சிவசுப்பிரமணியன் இதைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். நம் கவிஞர்கள் படிக்கவேண்டியது.

மறுபக்கத்தில் 'சோற்றுக் கிறிஸ்தவர்' என்ற வசை. பஞ்சத்துக்குப் பின் கும்பல் கும்பலாக வந்தவர்களை நோக்கி, இவர்கள் கஞ்சிக்கு வந்தவர்கள், விசுவாசத்துக்கு வந்தவர்கள் அல்ல என்று சொல்லப்பட்டது. இடையன்குடியில் அரை நூற்றாண்டு கழித்த கால்டுவெல் இதற்குக் கூச்சமில்லாமல் பதில் சொன்னவர். மிதிபட்டுக் கிடப்பவன் உயர்ந்த நோக்கத்தோடு வருவான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, வந்தபின் உயரட்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த வாதத்தில் துரைத்தனம் தொனிப்பது உண்மைதான். ஆனால் எனக்கு அது பிடித்திருக்கிறது. கஞ்சிக்கு வந்தவன் பொய் சொல்லவில்லை. பசிக்கிறது என்றான். திருவிருந்துக்கு வந்து கிண்ணத்தை ஒதுக்கியவனைவிட இவன் சொன்னது சுத்தமான விசுவாச அறிக்கை என்று எனக்குப் படுகிறது.

*

ஒரு சொல்லின்மேல் கொஞ்சம் தங்கவேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஒபே' என்ற சொல்லின் லத்தீன் வேரில் கேட்பது, செவிமடுப்பது இருக்கிறது. கிரேக்கத்திலும் அப்படித்தான். எபிரேயத்தில் கேட்பதற்கும் பணிவதற்கும் ஒரே சொல். நம் தமிழ் வேதாகமத்தில் – 1871-ல் வெளிவந்த பவர் திருத்தம்தான் இன்னும் எங்கள் சபைகளில் புழங்குவது – இந்த இடங்களில் 'செவிகொடு' என்பதும் வருகிறது, 'கீழ்ப்படி' என்பதும் வருகிறது. பிரசங்க மேடையில் நிலைத்துவிட்டது இரண்டாவது. கீழே படி. கீழேயே இருந்தவர்களிடம் போய்ச் சொல்லவேண்டிய சொல்லா இது?

தமிழில் இதற்குக் கைவசம் வேறொரு சொல் இருந்தது. கேள். 'சொன்னால் கேட்கமாட்டான்' என்று நாம் சொல்வது காது மந்தமானவனை அல்ல. கேட்டல் என்பது செவியில் வாங்குவது, சொன்னபடி செய்வது. எதிர்த்து வினவுவதும் அதே சொல்தான். 'என்னடா, கேள்வி கேட்கிறாயா?' என்று மேஸ்திரி அதட்டும்போது வருகிற கேள்வி. இந்த மூன்றும் ஒரே வேரில் நிற்கிற மொழி நம்முடையது. மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்றே தவிர்த்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. கேள்வி கேட்பதையும் கூடவே கொண்டுவருகிற சொல் எந்த ஸ்தாபனத்துக்கும் சௌகரியமாக இருக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

பாமாவின் 'கருக்கு' (1992) தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இங்கேதான். அதைத் தலித் இலக்கியம் என்று அடையாளப்படுத்திவிட்டு, உள்ளே இருக்கிற சமய விவகாரத்தைப் பலர் தாண்டிப் போகிறார்கள். அது ஒரு கன்னியாஸ்திரீயின் புத்தகம். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுத்து மடத்துக்குப் போய், சில வருஷங்களுக்குப் பின் வெளியேறிய ஒருவர், வெளியேறிய கையோடு எழுதியது. பனைமட்டையின் ரம்ப விளிம்புதான் கருக்கு. இருபுறமும் கருக்கான பட்டயம் என்று எபிரெயர் நிருபத்தில் வருகிற உவமையை முன்னுரையில் பாமாவே நினைவூட்டுகிறார். தலைப்பிலேயே வேதம் இருக்கிறது.

அவர் சொல்லும் குற்றச்சாட்டு எளிமையானது. ஏழ்மைக்கு வார்த்தைப்பாடு கொடுத்த மடம் வசதியாக இருக்கிறது. சேவைக்கு என்று நடத்துகிற பள்ளியில் பணக்காரப் பிள்ளைகள் படிக்கிறார்கள்; ஏழைப் பிள்ளைகளுக்கு எடுபிடி வேலை. சொந்த ஊர்க் கோயிலிலேயே தலித்துகள் பாடகர் குழுவில் சேர முடியாது, தனியே உட்காரவேண்டும், செத்தால் ஊருக்கு வெளியே வேறு கல்லறை. இயேசு பொறுமையானவர், சாந்தமானவர் என்று கற்பித்தவர்கள், அநியாயத்தைக் கண்டு அவர் கோபித்ததைக் கற்பிக்கவில்லை. இதையெல்லாம் அவர் எங்கிருந்து சொல்கிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். வேதத்தை விட்டுவிட்டு வெளியே நின்று சொல்லவில்லை. நீங்கள் வாசித்துக் காட்டியதை நான் கேட்டேன், அதில் இப்படி இருந்தது, அதனால் உங்களைக் கேட்கிறேன் என்று சொல்கிறார். மடத்திலிருந்து வெளியேறியது அவருடைய வார்த்தைப்பாட்டின் மீறல் என்று மடம் சொல்லும். பெட்ஃபோர்டு நீதிபதியும் பன்யனைப் பற்றி அதைத்தான் சொல்லியிருப்பான்.

மொழியிலும் அப்படியே. கிருஷ்ண பிள்ளையிடம் நாம் இழந்த சந்தைப் பேச்சு இங்கே திரும்பி வருகிறது. பாட்டி நாயக்கர் வீட்டில் வாங்கிவந்த மிச்சச் சோற்றைப் பற்றிய பக்கங்களில் ஒரு சொல்கூட மேடைச் சொல் இல்லை. அந்தப் பேச்சுமொழிக்கு நடுவே 'அர்ப்பணம்', 'சேவை', 'அழைத்தல்' என்ற மடத்துச் சொற்கள் வந்து விழும்போது, பேச்சுக்காரனின் குரல் எது என்று விளக்கமில்லாமலே செவிக்குத் தெரிந்துவிடுகிறது. புத்தகம் முழுவதும் இந்த உயரத்தில் நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கடைசி அத்தியாயங்களில் 'நாம் எழவேண்டும், நாம் செய்யவேண்டும்' என்று பாமாவும் பிரசங்க மேடையில் ஏறிவிடுகிறார். ஒரே புலம்பல் மூன்று இடங்களில் வருகிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) போல வடிவம் அடங்கிய படைப்பு இது இல்லை. லிஸிக்கும் பனையேறியின் மகன் தங்கராஜுக்கும் நடுவில் நிற்கிற சுவரை ஹெப்சிபா குரல் உயர்த்தாமலே காட்டிவிடுகிறார். ஆனால் 'புத்தம் வீட்'டைப் படித்து எந்தச் சபையும் சங்கடப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. 'கருக்கு' வந்தபின் தன் சொந்த ஊருக்கே சில மாதங்கள் போகமுடியாதிருந்தது என்று பாமா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவரை முதலில் கேட்டவர்கள் மடத்தார் அல்ல, ஊர்க்காரர்கள்.

*

என் வீட்டுக்காரர் பட்டுத் தறிக்காரர். ஜரிகை வாங்கும்போது நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். அசல் ஜரிகையில் மேலே முலாம், அடுத்து வெள்ளி, உள்ளே சிவப்புச் சாயமேற்றிய பட்டு இழை. சுரண்டினால் சிவப்பு தெரியும். போலியில் செம்பு தெரியும், சில வருஷத்தில் கறுத்தும்விடும். மனுஷனையும் இப்படிச் சுரண்டிப் பார்த்துவிட்டால் உங்கள் எழுத்தாளர்களுக்கு வேலையே இருக்காதே என்று ஒருநாள் சொன்னார். பன்யனின் விசுவாசி செய்வது இந்தச் சுரண்டல்தான். நானும் இதுவரை புத்தகங்களின்மேல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மனிதர்கள்மேல் அதைச் செய்ய எனக்குள்ள தயக்கத்தின் காரணம் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

1950-ம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தைச் சேராத எவரையும் பட்டியல் சாதியினராகக் கருதக்கூடாது என்றது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்கள் வெளியே. தமிழ்நாட்டில் எங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம். சாதி கோயிலுக்குள்ளும் கல்லறைக்குள்ளும் கூடவே வந்தது, சலுகை மட்டும் வாசலில் நின்றுவிட்டது. எனவே ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு வாழ்கிற குடும்பங்கள் உண்டு. பன்யனின் பேச்சுக்காரன் விசுவாசம் இல்லாமல் அறிக்கையிட்டான். இவர்கள் விசுவாசத்தை வைத்துக்கொண்டு அறிக்கையை மறைக்கிறார்கள். இந்த ஆளுக்கு அந்தப் புத்தகத்தில் பெயர் இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அரசுக் குமாஸ்தா வேலைக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டவர். ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார், தவறாமல் கோயிலுக்குப் போகிறார், ஆகவே இந்து என்ற கோரிக்கை செல்லாது என்று முடிவாயிற்று. நீதிபதிகள் சட்டப்படிதான் தீர்த்தார்கள். ஆனால் ஒரு குமாஸ்தா வேலைக்காக ஒருவரின் விசுவாசம் உண்மையானது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே நிரூபித்துக் காட்டியதை நினைத்துப் பார்க்கிறேன். பிரசங்கி யாராலும் செய்யமுடியாத காரியம்.

எங்கள் வீட்டிலும் ஒரு தகப்பனுக்கு இரண்டு மகன்கள். (யாருக்கும் தீங்கு வராதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பெரியப்பா சான்றிதழில் இந்து. சர்க்கார் ஆபீஸில் கடைநிலை வேலை, பிறகு ஒரு படி மேலே. ஆயுத பூஜையன்று ஆபீஸில் வைத்த விபூதியை ஆரணி பஸ் ஸ்டாண்டுக் குழாயில் கழுவிவிட்டு வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயில், இரண்டாவது பெஞ்சு, ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம், சம்பளத்தில் தசமபாகம். எனக்கு வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அப்பா கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போவார், அதுவும் பீடி வாசனையோடு. ஜெபம் என்று ஆரம்பித்தால் வெளியே எழுந்து போய்விடுவார். ஆனால் தனக்கும் பிறகு எனக்கும் பள்ளிக்கூடப் படிவத்தில் கிறிஸ்தவன் என்று எழுதினவர். வாத்தியார், யோசித்து எழுதுங்க என்றாராம். அந்த ஒரு சொல்லின் விலையை அப்பா தன் காலத்தில் கொடுத்தார். நான் வங்கிப் பரீட்சையை மூன்றாவது தடவையில் தாண்டினேன்.

ஏன் அப்படி எழுதினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கேட்டாங்க, சொன்னேன். அவ்வளவுதான்டா" என்றார். அது விசுவாசமா, வீம்பா, அண்ணன்மேல் இருந்த ஏதோ கோபமா என்று எனக்கு இன்றும் தெரியாது. பெரியப்பாவைப் பேச்சுக்காரன் என்று சொல்ல என் நாக்கு எழாது. அவருடைய ராத்திரி ஜெபத்தில் ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. 'அறிந்தும் அறியாமலும் செய்த' என்ற இடத்தில் மட்டும் குரல் தாழும். சிறுவயதில் அந்தத் தாழ்ந்த குரலுக்காகக் காத்திருப்பேன்.

பெரியப்பா இறந்தது ஒரு லெந்து காலத்தில். கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது. கல்லில் என்ன பெயர் வெட்டுவது என்ற பேச்சு மூன்றாம் நாள் வந்தது. ஞானஸ்நானப் பெயரை வெட்டினால் யாராவது போட்டோ எடுத்துப் பெட்டிஷன் போடுவான், பையன் வேலைக்கு ஆபத்து. சான்றிதழ்ப் பெயரை வெட்ட ஐயர் ஒப்பவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பெரியம்மா அழவுமில்லை, பேசவுமில்லை. அப்பா கல்தச்சனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வந்தார். இப்போது அந்தக் கல்லில் ஒரு சிலுவை இருக்கிறது, இரண்டு தேதிகள் இருக்கின்றன. நடுவில் இரண்டு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது.